இருபத்திரண்டு நாள் பஞ்சு

தோகோரோசாவா
6 செப்டம்பர் 1998

நொபுயேவுக்கு,

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. வடக்கே ஹகோதாதேயில் இந்நேரம் கம்பளியை வெளியே எடுத்திருப்பாய். உன் அக்காவின் உணவகம் நன்றாக நடக்கிறதா?

நாம் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள். அக்டோபர் முடிவுக்குள் நான் வெளியேற வேண்டும். படுக்கை அலமாரியை ஒழித்தபோது அடியில் கம்பிகள் கட்டிய உன் ஸ்னேர் டிரம் கிடைத்தது. பித்தளை உடல் கறுத்து, வளையங்களில் துரு ஏறியிருக்கிறது.

சுத்தம் செய்து உனக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். பத்துத் திருகாணிகளுக்காக எண் எழுதிய பத்து சாக்கே மதுக் கிண்ணங்களை வரிசையாக வைத்தாயிற்று. ஆனால் நான்கு நாளாக முதல் ஆணியில் திருகு சாவியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். உள்ளே திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. காரணத்தை இப்போது எழுத முடியவில்லை.

நீ வேண்டாம் என்றால் திறக்க மாட்டேன்.

தெய்சோ

—

ஹகோதாதே
11 செப்டம்பர்

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா சிரிக்கிறாள். "ஒரு பல்பு மாத்தவே மூணு நாள் யோசிப்பாரே உன் வீட்டுக்காரர். அவரா டிரம்மைப் பிரிக்கப் போறாரு?"

அதைக் குப்பையில் போடுங்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. அமெரிக்க ராணுவ முகாம் கிளப்புகளில் எட்டு வருடம் வாசித்தேன். என் அடி ஒவ்வொன்றும் கண்ணாடி உடைவதுபோல விழும் என்பார்கள். அறுபத்தேழில், ஒரே மாதத்தில், அது மங்கிப்போனது. தோலை இறுக்கிப் பார்த்தேன். அடியிலிருக்கும் கம்பிகளை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் என் கைதான் போய்விட்டது என்று புரிந்தது. குணமாகட்டும் என்று மணிக்கட்டில் மூலிகையைக் கொளுத்திச் சூடு வைத்துக்கொண்டேன். ஐந்து தழும்புகள் இன்னும் இருக்கின்றன. என் இசைக்குழுப் பெண்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் நீங்கள் எதையும் எறிகிறவர் இல்லை. அதனால் சொல்கிறேன். தோலில் தண்ணீர் படக்கூடாது, கன்றுத்தோல் சுருங்கிவிடும். ஆணிகளை வரிசையாகக் கழற்றாதீர்கள். ஒன்று, பிறகு அதற்கு நேரெதிரில் இருப்பது. தரையில் குனிந்தே உட்கார்ந்திருக்காதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

நொபுயே

—

தோகோரோசாவா
19 செப்டம்பர்

நொபுயேவுக்கு,

நீ சொன்னபடி எதிரெதிராகக் கழற்றினேன். ஆணிகளை எண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பித்தளை இரண்டு நாளில் நிறம் திரும்பிவிட்டது. இதையெல்லாம் முதலில் எழுதுவது மற்றதைத் தள்ளிப்போடத்தான்.

மேல்தோலைத் தூக்கினேன். உள்ளே, கீழ்த்தோலின்மேல், இரண்டு கை நிறையப் பஞ்சு இருந்தது. அதைப் போட்டவன் நான்.

அந்த வருடம் மே மாதத்தில், வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு இருந்தது. நம் மூன்றாம் மாடிச் சத்தத்தால் குழந்தை தூங்குவதில்லை என்று. கீழ் வீட்டு அம்மாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க சார்" என்றார். சொல்கிறேன் என்றேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ பார்க்குமுன் படித்தாயிற்று என்று பலகையில் நம் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிரம்மின் பக்கவாட்டில் ஒரு காற்றுத் துளை இருக்கிறதே. நீ கடைக்குப் போகும் நேரத்தில், மருந்துப் பெட்டியிலிருந்த பஞ்சைச் சாப்பாட்டுக் குச்சியால் அதன் வழியே தள்ளினேன். நாளுக்கு ஒரு சிட்டிகை, இருபத்திரண்டு நாள். சத்தம் கொஞ்சம் தணிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நீ சூடு வைத்துக்கொண்டபோது உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். அப்போதும் சொல்லவில்லை.

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நொபுயே.

தெய்சோ

—

ஹகோதாதே
3 அக்டோபர்

இரண்டு வாரம் என்னால் எழுத முடியவில்லை. அக்காவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப உன் கை நல்லாத்தான் இருந்திருக்கு. முப்பத்தோரு வருஷம்டி" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பலகையை என்னிடம் காட்டியிருந்தால் பகலில் மட்டும் வாசித்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

டிரம்மை மறுபடி பூட்டுங்கள். மெல்லிய தோல் கீழே வர வேண்டும். பதினோராம் தேதி ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவேன். எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். ரிசீவரைத் தரையில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அடியுங்கள். மெதுவாக அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். பேச வேண்டாம்.

பிறகு டிரம்மை அனுப்புங்கள். பஞ்சையும் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்புங்கள். உங்களை இங்கே வரச் சொல்லவில்லை.

நொபுயே

—

தோகோரோசாவா
12 அக்டோபர்

நொபுயேவுக்கு,

நீ எழுதியிருந்தும் தோல்களை இடம் மாற்றிப் பூட்டியிருந்தேன். சனிக்கிழமைதான் கவனித்து மறுபடி பிரித்தேன். இந்த வேலையை இன்னொருவர் இதைவிட நன்றாகச் செய்திருப்பார்.

நேற்று ரிசீவரை எடுத்தபோது உன் மூச்சு மட்டும் கேட்டது. முதல் அடியிலேயே என் காது அடைத்துவிட்டது. இத்தனை பெரிய சத்தத்தையா பஞ்சால் மூடினேன் என்று நினைத்தேன். அடிகள் சீராக விழவில்லை.

நான்காவது நிமிடத்தில் கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டில் இப்போது இருப்பவர், கையெல்லாம் சோப்பு நுரை.

"என்ன தாத்தா இது, ஞாயித்துக்கிழமை அதுவுமா?"

பழக்கத்தில் தலை குனிந்துவிட்டேன். மன்னிப்பு நாக்கு வரைக்கும் வந்தது. "இது என் மனைவியோட டிரம். இன்னும் பதினோரு நிமிஷம் அடிக்கணும்" என்றேன்.

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கங்களேன்."

"பதினொண்ணு" என்றேன்.

திரும்பி வந்து ரிசீவரைக் காதில் வைத்தால் இணைப்பு இல்லை. நீ எந்த நிமிடத்தில் வைத்தாய் என்று தெரியவில்லை. பதினோரு நிமிடத்தையும் அடித்து முடித்தேன்.

டிரம்மும் பஞ்சும் இன்று காலை புறப்பட்டுவிட்டன. டிரம் எப்படி ஒலித்தது என்று நான் கேட்கப்போவதில்லை. நான் கதவருகே சொன்னது உனக்குக் கேட்டதா? இந்த மாத முடிவு வரை இதே முகவரியில் இருப்பேன்.

தெய்சோ