சட்டைக்கு நின்ற பஸ்

ஐப்பசி, புதன்கிழமை.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், நாங்கள் மட்டும் நின்றால் நிற்பதில்லை. ஷேர் ஆட்டோவில் போனால் கூலியில் கால்வாசி போய்விடும். நேற்றுப் பிந்திப் போனதால், தேனி மார்க்கெட்டில் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்று இருட்டோடு, செத்துப்போன என் வீட்டுக்காரரின் சட்டையை மாட்டி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சேலை தெரியாமல் பால் கேன்களுக்குப் பின்னால் நின்றேன். பஸ் நின்றது.

"ஏ ஆத்தா, ஆம்பளைன்னுல்ல நிப்பாட்டுனோம்! எறங்கு," என்றான் கண்டக்டர்.

"எறங்க மாட்டேன். வேணும்னா சட்டைக்கு ஒரு டிக்கெட்டக் கிழி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் இருந்தவரை எனக்காக எங்கேயும் நின்றதில்லை.

சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். வெளியே தூறுகிறது. விடிவதற்குள் காய்ந்தாக வேண்டும்.