அந்தோணியாருக்கு நேர்ந்த சோறு

ஆகஸ்ட் 7, செவ்வாய்
காலையிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். வீட்டுக்காரர் டோங்கிப் படகில் மீன்பிடிக்கப் போய் மூன்று நாள். மெஷின் கெட்டு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார் என்கிறார்கள். எங்கேயாவது என்றால் எங்கே? இங்கே திரும்பின பக்கமெல்லாம் தீவுதான்.

மத்தியானம் மழை விட்டது. சர்க்கார் ஹெலிகாப்டர் தேடப் போயிற்று. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா, "அழாதளா மரியா. தாழப் பறந்து தேடுவாங்களாம். கண்ணுல படாமயா போவாரு?" என்றாள்.

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். ஆள் உயிரோடு வந்தால் அடுத்த செவ்வாய் தெருவையே கூப்பிட்டு அசனச் சோறு போடுவதாக. அரிசி, பருப்பு, கத்தரிக்காய் வாங்கணும். இலைக்குச் சொல்லணும்.

ஆகஸ்ட் 8, புதன்
வந்துவிட்டார். உயிரோடு. இதைப் பெரிய எழுத்தில் எழுத நினைத்திருந்தேன். முடியவில்லை.

ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவர்களை எடுக்கப் போன லாஞ்சில்தான் இவரையும் ஏற்றி வந்தார்கள். படகுத்துறைக்கு ஓடினேன். தார்ப்பாய் போட்டு மூடினபடி இரண்டு உடல். பக்கத்தில் இவர், மேலுக்குச் சட்டையில்லாமல். கட்டிக்கொள்ளத்தான் போனேன். எதிரே ஒரு இந்திக்காரப் பெண், காலில் செருப்பில்லாமல் நின்றாள். ஹெலிகாப்டரில் போய்ச் செத்த மெக்கானிக்கின் மனைவியாம். கையை மடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, வெள்ளி
மறுபடி மழை. குழாயடிக்கு நான் போனதும் பேச்சு நின்றது. திரும்பி நடந்ததும், "ரெண்டு உசிரக் குடுத்துல்லா புருசன வாங்கியிருக்கா." யார் குரல் என்று தெரியும். எழுதமாட்டேன்.

இவர் வெளியே வருவதில்லை. ஜன்னலையும் சாத்தச் சொல்கிறார். ஒரே அறை. அடுப்புப் புகை, ஈரத்துணி, நாங்கள் இரண்டு பேர். கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே போய்விடலாம் என்றேன்.

"எதுல போவ? கப்பல் இந்த மாசம் கெடையாது."

உப்பு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகக் கூச்சம்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. செத்தவர்களுக்காக எல்லாரும் செபிக்கும் இடத்தில் நான் என்ன முகத்தோடு உட்காருவது.

இன்றைக்குத்தான் இவர் வாயைத் திறந்தார். ஒதுங்கிய தீவில் நின்று பார்த்தாராம். ஹெலிகாப்டர் தாண்டிப் போய்விட்டது. சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். திரும்பி வந்து தாழ இறங்கியதாம்.

"கதவுப் பக்கம் அந்த மெக்கானிக் இருந்தாரு. என்னயப் பாத்துக் கைய ஆட்டுனாரு. சிரிச்சாருளா. அப்பத்தான் வாலு மரத்துல அடிச்சிச்சி. நாந்தான கூப்பிட்டேன்."

லாஞ்சுக்காரர்களிடம்கூடச் சொல்லவில்லையாம். "அந்த மெக்கானிக் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சிராம பாத்துக்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் மேலேயா, அந்தோணியார் மேலேயா, தெரியவில்லை. "சட்டைய ஆட்டாம இருந்திருந்தா நான்லா தாலிய அறுத்திருப்பேன்," என்றேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அசனத்தை அடுத்த மாதம் போடு என்கிறாள் பிலோமி அக்கா. போட்டால் கொண்டாட்டம் என்பார்கள். போடாமல் விட்டு, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆகஸ்ட் 14, செவ்வாய்
மழை இல்லை. சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு. வாசலில் இலை போட்டேன். உச்சிவேளை ஆயிற்று. ஒருத்தரும் வரவில்லை. பிலோமி அக்கா கதவும் சாத்தியிருந்தது.

அப்புறம் அவள் வந்தாள். மெக்கானிக் மனைவி. தனியாக, வழி விசாரித்துக்கொண்டு. சோற்றை அவள் பார்க்கவில்லை.

"ஆத்மி கிதர் ஹை?" இவர் எங்கே என்று கேட்டாள். வீட்டில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்தது. இவரே வந்து வெயிலில் நின்றார்.

"உஸ்னே தும்கோ தேகா?" உன்னை அவர் பார்த்தாரா. அவ்வளவுதான் கேட்டாள்.

இல்லை என்று சொல்லித் தொலையுங்களேன் என்று இவர் முகத்தையே பார்த்தேன்.

"தேகா," என்றார். கையைத் தூக்கி அசைத்துக் காட்டினார். "ஐசா கியா. ஹஸா." இப்படி ஆட்டினார், சிரித்தார்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். "ஃபிர் ஸே," என்றாள். இன்னொரு தரம்.

ஆட்டினார். உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, போகவும் இல்லை. மறுபடியும், "ஃபிர் ஸே," என்றாள்.