சுவரெல்லாம் உன் அத்தான்

தம்பி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

“உளவாளி உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம், உஷார்!” என்று இந்தப் போர் நேரத்தில் அரசாங்கத்துக்கு நீ வரைந்து கொடுத்த போஸ்டரை எங்கள் தெருவில் ஒரு சுவர் விடாமல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவன் உன் அத்தான். அதே ஏறுநெற்றி, அதே அடர்ந்த மீசை. தையல்காரர் என்று தெரியாமலிருக்க, கழுத்தில் கிடக்கும் டேப்பை மட்டும் எடுத்துவிட்டாய்.

நீ வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்து கேட்டேன். “ஏதோ ஒரு முகம் வேணும்னு வரைஞ்சேன்க்கா. சண்டை முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க” என்று சிரித்தாய்.

தைக்கக் கொடுத்த துணியையெல்லாம் ஆளாளுக்குத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக் கண்ணாடியை எவனோ உடைத்தான். அவர் மீசையை எடுத்தார். “பாத்தியா, அடையாளத்தை மாத்துறான்” என்று அதற்கும் பேசினார்கள். ஒருவரையும் திட்டாமல் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார் அந்த மனுஷன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று அவர் சமையலறையில் நின்று போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன்.

“எனக்காக இல்லீங்க. அவளால இந்தத் தெருவுல நிமிர்ந்து நடக்க முடியல. வேற ஊர்ல ஒரு வீடு பாத்துக் குடுங்க” என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த என்னையே அவர்மேல் சந்தேகப்பட வைத்துவிட்டாயே, பாவி! தெருக்காரர்களை மன்னித்தாலும் மன்னிப்பேன். உன்னை மாட்டேன். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் தேடி வராதே.

இப்படிக்கு,
அவர் மனைவி