வெடிக்காத நட்சத்திரம்

11.8.1996, ஞாயிறு. தஞ்சோங் கிளிங்

மாலையிலேயே ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டேன். இவர் கத்தினால் ஜாலான் முழுக்க, தெருக்கோடி வீடு வரைக்கும் கேட்கும். மகள் மலர் தான் விரும்பும் சீனப் பையனைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். இவர் "சரி லா" என்றார். அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டார். அவ்வளவுதான்.

யுனிவர்சிட்டியில் பௌதிகம் படிக்கிறவள், அடுப்படியில் வந்து அழுதாள். "ரொம்பப் பெரிய நட்சத்திரம் சிலது வெடிக்காமலே உள்ளுக்குள்ள இடிஞ்சு கருந்துளையா ஆயிடும்மா. அப்புறம் வெளிச்சம்கூட வெளிய வராது."

இவர் இன்னும் இருட்டில்தான் படுத்திருக்கிறார். கட்டிலருகே போனால் நானும் சத்தமில்லாமல் உள்ளே விழுந்துகொண்டே இருப்பேன் போலிருக்கிறது. ஹாலிலேயே பாய் விரித்துவிட்டேன்.

புழுக்கம் தாங்கவில்லை. ஆனாலும் ஜன்னல்களைத் திறக்கவில்லை. விடிந்ததும் ஒரு தடவையாவது கத்தமாட்டாரா?