நின்றுபோன நடுக்கம்

கையில் ஒட்டியிருக்கும், சர்க்கரை அளக்கும் சென்சார் வியர்வையில் கழன்றுவிடாமல் இருக்க, இன்று காலையில் புது பேண்டேஜ் துணியைச் சுற்றினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த உன் சேலையெல்லாம் இந்த வாடைதான் அடிக்கும்.

இப்போது என் இடுப்பில் இன்சுலின் பம்ப் இருக்கிறது. சென்சார் சொல்வதைக் கேட்டு அதுவே மருந்தை ஏற்றுகிறது, சர்க்கரை இறங்கப் பார்த்தால் அதுவே நிறுத்துகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து சர்க்கரைக்கு ஊசியும் கையுமாகத் திரிந்த சிநேகிதிகள் நாம். நீ பார்த்திருந்தால், "ஏட்டி, ஒனக்குப் புருசன் எதுக்கு, இதுவே போதும்" என்றிருப்பாய்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று விரல்கள் நடுங்கின. நெஞ்சு படபடத்தது, ஜாக்கெட் நனைந்தது. சர்க்கரை இறங்கினால் முன்பெல்லாம் வரும் அதே நடுக்கம். உனக்குப் பின்னால் எனக்கும் அது நின்று பல வருடமாகிவிட்டது. குளுக்கோஸைக் குடித்துவிட்டு, மிஷின் கெட்டுவிட்டதோ என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"நல்ல விஷயம்மா. அடிக்கடி சர்க்கரை எறங்குனா உடம்புக்கு அது பழகிப்போயிரும். எச்சரிக்கை பண்ற அட்ரினலின் ஹார்மோன் சரியாச் சுரக்காது. மிஷின் ரொம்ப எறங்க விடாமப் பாத்துக்கிட்டதுல, லேசா எறங்குனதுமே காட்டிக்குடுக்க அது திரும்பி வந்திருக்கு. நடுக்கம் நின்னா நோய் கொறஞ்சதுன்னு அர்த்தமில்ல, காவக்காரன் தூங்கிட்டான்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மேலே பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

உனக்கு அந்த நடுக்கம் நிற்க வேண்டும் என்றுதானே உன் அம்மா வேண்டிக்கொண்டார்கள்? நின்றதும் புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளுக்கு உன் முடியைக் கொடுத்தாய். நானும் கூட வந்தேன். "மொட்டையும் எனக்கு எடுப்பாத்தான இருக்கு?" என்றாய். படி இறங்கும்போது, "இப்பல்லாம் எம்புட்டு எறங்குனாலும் எனக்கு ஒண்ணுமே தெரியலட்டி" என்று பெருமையடித்தாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த சித்திரையில் ஒரு மதியம் கம்பெனி மேஜையில் தலை சாய்த்தவள், எழுந்திருக்கவே இல்லை. "மொகத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. செத்த நேரம் கண்ணசரட்டும்னு விட்டுட்டோம்" என்று உன்னோடு வேலை பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

காவல்காரன் தூங்கியதற்கா நன்றி சொல்லி மொட்டை போட்டோம்?

நேற்று உன் அம்மாவைச் சேத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். எனக்கு நடுக்கம் வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பயப்படாதட்டி. நான் பெருமாள்ட்ட வேண்டிக்கிடுதேன். அவளுக்கு நிப்பாட்டிக் குடுத்தவரு ஒனக்கும் நிப்பாட்டுவாரு. அந்தப் பாடாவது இல்லாமப் போனாளே எம் பிள்ள."

சரிம்மா என்று தலையாட்டினேன். அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். டாக்டர் சொன்னதை உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.