என் கணவரின் புல்வெளியும் எங்கள் கிணறும்

அனுப்புநர்:
திருமதி டார்லா வோசிக்,
பழைய ரம்பப் பட்டறைச் சாலை,
ஆல்டர் கிரீக், விஸ்கான்சின்.

பெறுநர்:
திரு. எல்டன் பிராக் அவர்கள்,
குடிநீர்ச் சோதனை அலுவலர்,
மாவட்ட சுகாதார அலுவலகம்.

பொருள்: புல்வெளிக்கு இடும் யூரியா குடிநீர்க் கிணற்றில் இறங்குவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எதிர்மனுதாரர் கர்ட் வோசிக் என் கணவர். நல்ல மனிதர். அவர் மீது எனக்கு வேறு புகார் இல்லை. குறட்டையை நான் சேர்க்கவில்லை.

2. எங்கள் வீடு மணல் பூமியில் உள்ளது. மேட்டில் புல்வெளி, அதன் சரிவில் கிணறு. வானொலியில் இடிமழை என்று அறிவித்ததும் கர்ட் உரம் தூவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். "மழையே கரைச்சு உள்ள இறக்கிடும்மா, நாம எதுக்குத் தண்ணி பாய்ச்சணும்?" என்பது அவர் வாதம். மழை இறக்கத்தான் செய்கிறது, ஐயா. புல்லின் வேரில் நிற்காமல் கிணறு வரைக்கும் இறக்குகிறது. மழை ஏமாற்றிவிட்டால் வெயிலில் அந்த உரத்தின் நெடி சமையலறைக்குள் வந்து எனக்கு வாந்தி வருகிறது. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதுவே நல்ல உரம். அதை மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கடையிலிருந்து வேறு மூட்டை தூக்கி வருகிறார்.

3. எங்கள் கிணற்று நீரில், யூரியா மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட் கைக்குழந்தைக்கு ஆகாத அளவில் இருப்பதாகத் தங்கள் சோதனையில் வந்தது. "அது கீழ இருக்கிற உருளைக்கிழங்குத் தோட்டக்காரன் வேலை" என்றார் கர்ட். எங்கள் தண்ணீர்தான் அங்கே போகிறது. அங்கிருந்து மேடேறி வருவதில்லை. "கொதிக்க வெச்சா போச்சு" என்றார். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் குறையாது.

4. ஆகஸ்டில் எங்களுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. பல வருடம் காத்திருந்து வரும் முதல் குழந்தை. நான் உட்கொள்ளும் மருந்தினால் புட்டிப்பால்தான் கொடுக்க முடியும். ராத்திரிப் புட்டி தன் பொறுப்பு என்று கர்ட் இப்போதே உரிமை கொண்டாடுகிறார். தூக்கக் கலக்கத்தில் அவர் கை குழாய்க்குத்தான் போகும். இந்தத் தண்ணீரில் பால்பொடி கலந்தால் குழந்தை மூச்சுக்குத் திணறி உடம்பு நீலம் பாரிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது.

5. எனவே தாங்கள் நேரில் வந்து, உரத்தை நிறுத்தவும், தண்ணீர் தேறும்வரை புட்டிக்குக் கடைத் தண்ணீரே பயன்படுத்தவும் எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன். நான் சொன்னால் சிரித்துக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறார். அபராதம் வேண்டாம். மனு எழுதுவதை அவரிடம் சொல்லிவிட்டேன். "எழுதிக்கோ. அந்தாளு வரட்டும், வந்து நம்ம புல்லப் பாக்கட்டும்" என்று சந்தோஷமாகத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தார்.

6. ஆகவே வந்ததும் முதலில் புல்லை ஒரு வார்த்தை பாராட்டிவிடுங்கள். பாராட்டத் தக்கதுதான். தினமும் அதில் வெறுங்காலோடு நடந்து, காலில் குத்தும் முள்செடிகளைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார். குழந்தையின் முழங்காலில் குத்தக்கூடாதாம். அது தவழ அடுத்த கோடை ஆகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். தவழ இடம் தயாராகிவிட்டது, ஐயா. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
டார்லா வோசிக்

இடம்: ஆல்டர் கிரீக்
நாள்: ஜூன் 11, 2018