மலையேறிய லாரியும் அப்பாவின் பெயர்ப்பலகையும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், லாரிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறி வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்பத்தானே முடியும்.

அப்பா உன்னோடு பேசி மூன்று மாதம் ஆகிறது. லாரி எஞ்சினில் சூப்பர்சார்ஜர் மாட்டியதும் முதல் போன் உனக்குத்தான் செய்தார். நீயோ, "காத்தை அமுக்கி உள்ள தள்ளினா இழுவையும் கூடும், சூடும் கூடும், ரேடியேட்டரைப் பெருசா மாத்தினீங்களாப்பா?" என்று கேட்டாய். எஞ்சின் சூட்டைப் பற்றியே படித்து அதே வேலை பார்க்கிறவள் வேறென்ன கேட்பாய். அவர் போனை வைத்துவிட்டு, "நான் லாரி ஓட்ட ஆரம்பிச்சப்ப இவ பொறக்கவே இல்ல" என்றார். அதோடு விட்டாரா, ரேடியேட்டருக்கு நேர் முன்னால் 'மலையரசன்' என்று ஒரு பெரிய பலகையும் நான்கு விளக்குகளும் மாட்டச் சொன்னார். மெக்கானிக் பாவம், "அண்ணே, இது காத்தை மறைக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். "பேர் தெரிய வேணாமா?" என்றார் அப்பா. பேர் நன்றாகவே தெரிந்தது, காற்றுக்குத்தான் உள்ளே போக வழி தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மலை உச்சி ஆஸ்பத்திரிக்கு அறுபது இரும்புக் கட்டில்கள் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம், துணைக்கு நான். நோயாளிகள் தரையில் படுத்திருக்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் காலையிலிருந்தே போன் செய்துகொண்டிருந்தார். ஏற்றம் தொடங்கியதும் அப்பா கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து முன்னால் போன கார்களை முந்தினார், முந்திய ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நான் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிவப்புக்குப் போகுதுங்க" என்றேன். "முள்ளு ரிப்பேர்" என்றார். ஐந்தாவது வளைவில் ஆவி கிளம்பி முன்கண்ணாடியே தெரியாமல் போனது. இறங்கினார். ஆறட்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் துண்டை வைத்து மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீறிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. பயப்படாதே கண்ணு, இப்போது புதுத் தோல் வந்துவிட்டது. அந்த நிமிடமே லாரியில் இருந்த இரண்டு கேன் தண்ணீரில் ஒன்றை அவர் கையில் ஊற்றினேன்.

எஞ்சின் சூடானால் என்ன செய்வது என்று நீ எனக்குத் தனியாகச் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எஞ்சின் ஆறும்வரை திருப்புளியால் பலகையையும் விளக்குகளையும் கழற்றினேன், பிறகு இன்னொரு கேனை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, இவர் எப்போதோ ஓட்டக் கற்றுக்கொடுத்த தைரியத்தில் நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சின்ன கியர், லேசான மிதி, ஏசி நிறுத்தம், ஹீட்டர் முழு வேகம். "வெயில்ல ஹீட்டரா? யாராவது பார்த்தா சிரிப்பாங்க" என்றார். "எஞ்சின் சூட்டுல கொஞ்சம் நாம வாங்கிக்கறோம், பேசாம வாங்க" என்றேன். அவர் முந்திய கார்களெல்லாம் எங்களை நிதானமாக முந்திப் போயின, அப்போது மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முள் நடுவிலேயே நின்றது. மேலே போய்ச் சேர்ந்ததும், இறக்கிய முதல் கட்டிலில் முதல் நோயாளியாக உன் அப்பாவைத்தான் படுக்க வைத்தார்கள்.

இப்போது பெரிய ரேடியேட்டர் வந்துவிட்டது, தானே யோசித்து வாங்கியதாம். ஹீட்டர் வித்தையும் இவர் கண்டுபிடிப்புதானாம், லாரி ஷெட்டில் பாடம் நடக்கிறது. நீ மறுத்துவிடாதே. நேற்றுச் சாப்பிடும்போது, "அவ இருக்கிற ஊர்ல மலை இருக்கா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். உன்னை விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கே போன் செய், ஏதாவது ஒரு சந்தேகம் கேள், தெரிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், செய்யும் வேலையில் பேர் எடுக்க வேண்டும். பல்வலிக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. அப்பா இப்போது தோளுக்குப் பின்னால் வந்து நின்று என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். உங்கள் வீரத்தைத்தான் என்றேன். அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் விரிவாக எழுது என்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா